சம்மதக் குரல்

போர் முடிந்து எமல்டா ஊர் திரும்பிய அன்று அவளை அழைத்துப் போக அண்ணன் ரோமால்ட் ஐஸ் வண்டியில் வந்திருந்தான். அவனிடம் கார் இருந்தது. ஆனால் அந்தக் காரைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தூத்துக்குடி ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல், கையை மட்டும் வெளியே நீட்டிக் கூப்பிட்டான்.

"துப்பட்டாவ எடுத்து முகத்த மூடிக்கோ பிள்ள."

"எதுக்குண்ணே?"

"மூடிக்கோ. வீட்ல போயி பேசுவம்."

அவள் மூடிக்கொண்டாள். முப்பத்தாறு வயது அவளுக்கு. நான்கு ஆண்டுகள் கூட்டரசின் கடற்படையில் ஏவுநராக இருந்தவள். கப்பலின் அடித்தளத்தில் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து, கண்ணுக்கு எட்டாத இலக்கைத் திரையில் பார்த்து, பொத்தானை அழுத்துவது ஏவுநரின் வேலை. படையில் அதைச் சுத்தமான வேலை என்று சொல்வார்கள்.

தென்கடலின் அடியில் கிடைத்த உலோகத்துக்காக நடந்த போர் அது. அந்த உலோகம் இல்லாமல் மின்கலம் இல்லை. மின்கலம் இல்லாமல் வண்டியும் இல்லை, குடிநீரும் இல்லை என்ற காலம். உலோகம் கிடந்த இடத்துக்கு நேர் மேலே மிதவை ஊர்கள் இருந்தன. கடல் விழுங்கிய பல கரைகளிலிருந்து தப்பி வந்தவர்கள் பழைய கப்பல்களையும் பீப்பாய்களையும் பிணைத்துக் கட்டிக்கொண்ட ஊர்கள். நகரச் சொன்னபோது அவர்கள் நகரவில்லை. போர் தொடங்கிய நாளில் தூத்துக்குடியில் பட்டாசு வெடித்தார்கள். பிறகு மிதவை ஊர்களின் படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மக்கள் முகம் சுளித்தார்கள், ஊர்வலம் போனார்கள், கடைசியில் அரசு ஒப்பந்தம் போட்டுப் படைகளைத் திரும்ப அழைத்தது. உலோகம் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஊரில் ஒரு வண்டியும் நிற்கவில்லை.

ஏவுநர்களின் பெயரும் படமும் பொதுவில் இருந்தன. ஆயுதத்தைத் தொடுகிறவர் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று சட்டமே அப்படி எழுதப்பட்டிருந்தது. ஆகவே எமல்டா முகத்தை மூடிக்கொண்டு வந்தும் பெரிய பயன் இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் சங்கச் செயலாளர் தளவாய் நின்றுகொண்டிருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"வாங்க ரோமால்ட். தங்கச்சி வந்துட்டாவளா? நல்லது. ஒண்ணும் நெனச்சுக்காதீய. லிஃப்ட்ல ஏறக் கூடாதுன்னு யாரும் சொல்லல. பிள்ளைங்க போற வர்ற நேரத்துல மட்டும் கொஞ்சம் பாத்து..."

"சரி சார்," என்றான் ரோமால்ட்.

எமல்டா ஆறாவது மாடிக்குப் படியேறிப் போனாள். அன்றிலிருந்து படிதான்.

அவளை யாரும் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. மாதா கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்வரிசைக்குப் போனார்கள். பூசை முடியும்போது அவள் மட்டும் அந்த நீள பெஞ்சில் இருந்தாள். டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ், அவளுக்குக் காகிதக் கப். கேட்டதற்கு, "கிளாஸ் கழுவ ஆள் இல்லக்கா" என்றான் டீ போடுகிறவன், கழுவிய கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே. மார்க்கெட்டில் மீன்காரி மீனைக் கொடுத்தாள், காசையும் வாங்கிக்கொண்டாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பழைய பள்ளித் தோழி ஒருத்தி எதிரே வந்தபோது தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய், எமல்டா தாண்டிய பிறகு மறுபடி இந்தப் பக்கம் வந்தாள்.

வீட்டில் மதினி ஷீபா நல்லவள்தான். வேளாவேளைக்குச் சோறு வரும். ஆனால் அடுப்படியில் தனியாக வரும். "ஆன்ட்ரியாவுக்குப் பரீட்ச நேரம். சாப்பாட்டு மேசையில புத்தகமாக் கெடக்கு. அதான்" என்றாள் ஷீபா. மகளின் பரீட்சை முடிந்த பிறகும் மேசை காலியாகவில்லை. ரோமால்ட் இதைப் பார்த்தும் பார்க்காதவன் போல இருந்தான். ஒரு நாள் மட்டும், கைகழுவிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"அந்த ஏழாம் மிதவைப் படத்தப் பாத்தேன். தண்ணிக்கு வரிசையில நின்ன ஆளுவ. அது நீ இருந்த கப்பல்லேருந்து போனதுன்னு போட்டிருந்தான். நெசமா?"

"ஆமாண்ணே."

"எப்படி பிள்ள உனக்கு மனசு வந்துச்சி?"

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

தன் ஐஸ் கம்பெனியில் தங்கைக்கு ஒரு வேலை கொடுக்க அவனால் முடிந்திருக்கும். படகுக்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தான். அது வீண் பயமும் இல்லை. வேலை கொடுத்தவர் ஹமீது மரைக்காயர். துறைமுகத்துக்குத் தெற்கே படகு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். நீருக்கடியில் மூழ்கி, கப்பலின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுகிற வேலை. அங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எமல்டா ஒழுங்காக வந்தாள், ஒழுங்காகச் செய்தாள். ஹமீதுக்கு அது போதும். ஆனால் அவர் பேச்சுப் பிரியர். மதியச் சாப்பாட்டின்போது ஒரு நாள் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, கேக்கேன்னு தப்பா நெனைக்காதீய. இந்தச் சம்மத அழைப்பு வருமே, அதுல எங்க பேரு உங்களுக்குத் தெரியுமா?"

"பேரு தெரியாது பாய். யாருக்கும் தெரியாது. பூட்டி வச்சிருக்கு."

"அப்ப என்ன தெரியும்?"

"ஒவ்வொரு ஏவுதலுக்கும் நாட்டுல ஒம்பது பேரக் குலுக்கல்ல எடுக்கும். அவங்க போன்ல ஒரு படம் வரும், இலக்கு என்னன்னு ஒரு வரி வரும். சரி, இல்லன்னா வேண்டாம்னு வாயால சொல்லணும். அஞ்சு பேரு சரின்னாப் போதும், நான் அமுக்கணும்."

"அது தெரியும். எனக்கே ரெண்டு தடவ வந்துச்சி." சொல்லிவிட்டு ஹமீது அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "வேண்டாம்னுதான் சொன்னேன். பதில் சொல்லுத வரைக்கும் போன் எதுக்கும் திறக்காதுல்லா, அந்தக் கடுப்பு வேற. இருந்தாலும் வேண்டாம்னுதான்."

"ம்."

மக்கள் பார்த்தால் மறுப்பார்கள், மறுத்தால் போர் தானாக நின்றுவிடும் என்று நம்பித்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதைக் கொண்டுவரச் சொல்லிப் போராடியவர்கள் நல்ல மனிதர்கள்.

"அந்தச் சரியும் வேண்டாமும் உங்களுக்கு எப்படி வரும்? எழுத்துலயா?" என்றார் ஹமீது.

"குரலாவே வரும் பாய். காதுல."

ஹமீது கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டு போகவில்லை. "குரல மாத்திட்டுத்தான் அனுப்புவோம்னாவளே?"

"மொதல்ல மாத்துனாங்க. அதுக்கு நேரம் ஆவுதுன்னு பெறவு அப்படியே விட்டுட்டாங்க. ஜனங்க குரல் எங்க காதுல விழுதது நல்லதுதான்னாங்க. அப்பத்தான் நாங்க தனியாச் செய்யல, நாடே கூட நிக்கிதுன்னு எங்களுக்குத் தைரியம் வருமாம்."

"என்னெல்லாம் கேக்கும்?"

"குக்கர் விசில் கேக்கும். பஸ்ஸுல கண்டக்டர் சத்தம், பிள்ளைங்க அழுவுற சத்தம். ஒருக்கா ஒரு அம்மா, பின்னால கல்யாண மேளம். சரின்னு சொல்லிட்டு, யாரையோ சாப்பிட்டுட்டுப் போங்கன்னு கூப்பிட்டாங்க."

ஹமீது சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்: "நம்மூருக் குரல் ஏதாச்சும் கேட்டியளா?"

எமல்டா காலையிலிருந்து தண்ணீருக்குள் இருந்தவள். களைத்திருந்தாள். "ஒண்ணு கேட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஹமீது கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைத் தனக்குள் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

ஊருக்குள் செய்தி பரவிய அதே வாரம் தலைநகரில் ஒரு தீர்ப்பு வந்தது. திரும்பி வந்த ஏவுநர்களின் குடும்பங்கள் வழக்குத் தொடுத்திருந்தன. எங்கள் பெயர் தெருவில் கிடக்கிறது, அனுமதி கொடுத்தவர்கள் பெயர் மட்டும் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பது அவர்கள் கேள்வி. குரல் பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்றது அரசு. அப்படியானால் ஏவுநர்களின் காதுதான் சாட்சி என்றது நீதிமன்றம். ஏவுநர் ஒருவர் தமக்குத் தெரிந்த குரலை ஆணையத்தின் முன் அடையாளம் சொன்னால், அந்த ஒருவரின் பெயர் திறக்கப்படும். சரி என்றவர்களின் பெயர் மட்டும். வேண்டாம் என்றவர்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆணையம் ஊர் ஊராக வந்தது. தூத்துக்குடிக்கும் தேதி குறித்தார்கள். எமல்டாவுக்கு அழைப்பாணை வந்தது.

அதன் பிறகு ஊரில் தொண்டைக்கட்டு பரவியது. எமல்டா கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். பேசியே ஆக வேண்டியவர்கள் கரகரத்த குரலில் பேசினார்கள், இருமினார்கள், சாடை காட்டினார்கள். மீன்காரி விலையை விரலால் சொன்னாள். டீக்கடையில் அவளுக்குக் கண்ணாடி கிளாஸ் வந்தது. டீ போடுகிறவன் ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்க மட்டும் செய்தான். தளவாய் ஒரு டப்பா மக்ரூனோடு வீட்டுக்கு வந்தார். எழுதிக் காட்டுவதற்குச் சிலேட்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். 'லிஃப்டில் தாராளமாகப் போங்கள். நாம் ஒரே குடும்பம்' என்று அதில் எழுதிக் காட்டினார்.

அந்த நாட்களில் எமல்டாவிடம் சொந்தக் குரலில், சாதாரணமாகப் பேசிய ஒரே ஆள் ரோமால்ட்தான்.

"ஊருக்காரன் பயப்படுததப் பாத்தியா? கூத்தா இருக்கு. எனக்கு அந்த அழைப்பு ஒருநாளும் வரல பிள்ள. குலுக்கல்ல எம்பேரு விழவே இல்ல. விழுந்திருந்தா மொகத்துல அடிச்சாப்ல வேண்டாம்னு சொல்லியிருப்பேன். ஆண்டவர் காப்பாத்துனாரு" என்றான்.

எமல்டா அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது ரோமால்ட் சின்ன வயதிலிருந்தே மீசைப் பக்கத்தைச் சொறிவான். இப்போது சொறியவில்லை.

அவள் கேட்ட ஊர்க் குரல் அவனுடையது. ஏழாம் மிதவைக்கான அழைப்பில் ஆறாவதாக வந்தது. திரையில் 'ஆயுதக் கிடங்கு' என்று இருந்தது. உருவங்கள் மங்கலாக ஒரு கோடு போலத் தெரிந்தன. வழக்கமாக அவள் ஏவுமுன் இலக்கை இன்னொரு முறை உற்றுப் பார்ப்பாள். அப்படிப் பார்த்து, சந்தேகம் சொல்லி, இரண்டு ஏவுதல்களைத் தள்ளிப்போட்டும் இருக்கிறாள். அன்று அண்ணன் குரல் காதில் விழுந்தது. வீட்டோடு பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது; கண்ணில் நீர் வந்துவிட்டது. மிச்சக் குரல்கள் வந்து முடிந்ததும், இரண்டாம் முறை பார்க்காமல், அழுத்திவிட்டாள். ஒன்பதும் சரி. அது கிடங்கு இல்லை, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் என்று பிறகுதான் தெரிந்தது.

இதை அவனிடம் சொல்லலாம் என்று ஊருக்கு வரும் ரயிலில் நினைத்திருந்தாள். அவன் ஒளிக்கிறான் என்றால் சொல்லியிருப்பாள். ஆனால் அவன் ஒளிக்கவில்லை. அவனுக்கு நினைவே இல்லை. அவன் வேலைக்கு நடுவில் அரை நிமிடம் வந்து போன ஒன்று அது.

ஆணையம் மாநகராட்சி மண்டபத்தில் கூடியது. ஊரே வந்திருந்தது. யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது வரிசையில் ரோமால்டும் ஷீபாவும் இருந்தார்கள். ஆணையத் தலைவி நடுத்தர வயதுப் பெண், சளி பிடித்தவர் போல அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் போலன்றி அவருக்கு உண்மையாகவே சளி.

"இந்த ஊர்க் குரல் ஒன்றைக் கேட்டதாக நீங்கள் ஒருவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். உண்மைதானா?"

"உண்மைதான்."

"எந்த ஏவுதலில்?"

"ஏழாம் மிதவை."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"அந்தக் குரல் யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா?"

எமல்டா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். ரோமால்ட் கைகட்டி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, மற்றவர்களைவிட நிதானமாக உட்கார்ந்திருந்தான். யார் பெயர் வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அவன் முகத்தில் இருந்தது. பக்கத்தில் ஷீபா அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். பெயர் திறக்கப்பட்டால் ஆன்ட்ரியா பள்ளிக்கூடத்தில் எந்த பெஞ்சில் உட்காருவாள் என்று எமல்டாவுக்குத் தெரியும்.

"தெரியும். ஆனா அவங்க வேண்டாம்னு சொன்னாங்க" என்றாள்.

தலைவி பேனாவை நிறுத்தினார். "வேண்டாம் என்றா?"

"ஆமா. அந்த ஒம்பதுல வேண்டாம்னு சொன்ன குரல் அது ஒண்ணுதான்."

"அப்படியானால் மேற்கொண்டு கேட்க எங்களுக்கு அதிகாரமில்லை" என்றார் தலைவி. சாட்சியம் முடிந்தது.

முதலில் யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு மண்டபமே எழுந்து நின்று தட்டியது. நாடே சரி என்றபோது தூத்துக்குடி வேண்டாம் என்றது! மாலைக்குள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். தொண்டைக்கட்டு ஒரே நாளில் குணமானது. எல்லோரும் உரக்கப் பேசினார்கள். மீன்காரி, அது தானாகத்தான் இருக்கும் என்றாள். மீனோடு நின்றபோது அழைப்பு வந்ததாம், கத்தியை ஓங்கிக்கொண்டே வேண்டாம் என்றாளாம். டீ போடுகிறவனும் அப்படித்தான் சொன்னான். தளவாய் பணிவோடு, "நானா இருக்கலாம்னு நெனைக்கேன். சொல்லிக்கிட வேண்டாம்னு பாக்கேன்" என்றார். எமல்டாவைக் கோயில் பெஞ்சில் இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்தார்கள். அவள் ஊரின் நல்ல மனசுக்குச் சாட்சி ஆகிவிட்டாள். அவள் என்ன செய்தாள் என்பதை அப்போது யாரும் பேசவில்லை.

சில நாள் கழித்து ரோமால்ட் அவளைச் சாப்பாட்டு மேசைக்கே கூப்பிட்டான். புத்தகங்கள் எடுக்கப்பட்டிருந்தன. ஆன்ட்ரியா அத்தைக்குத் தட்டு வைத்தாள். ரோமால்ட் நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பிள்ள, எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது. அழைப்பு வரலன்னு சொன்னேன்லா? வந்திருக்கு. ஒருதடவ வந்திருக்கு. கம்பெனியில லோடு ஏத்திக்கிட்டு நின்னேன். படத்தப் பாத்தேன். என்னமோ மனசுக்குச் சரியாப் படல. வேண்டாம்னு சொன்னேன்." அவன் கண் கலங்கியது. "அது நாந்தானே?"

ஷீபா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்ரியாவும் பார்த்தாள். எமல்டா தட்டைக் குனிந்து பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது. ரோமால்ட் மேசைக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான்.

"நடந்தது நடந்துபோச்சி. நான் உன்ன மன்னிச்சிட்டேன் பிள்ள."

மறுநாள் தளவாய்க்குத் தெரிந்தது, அதன் மறுநாள் ஊருக்குத் தெரிந்தது. மற்றவர்கள் கொஞ்சம் வருத்தத்தோடு விட்டுக்கொடுத்தார்கள். தங்கை காதுக்கு அண்ணன் குரல் தெரியாமலா இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். படகுக்காரர்கள் ஐஸுக்கு ரோமால்டிடமே வந்தார்கள். அவன் நடையே மாறிவிட்டது. அது நடிப்பு இல்லை. அந்த நினைவு அவனுக்குள் நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டு வந்தது. அன்று வெயில் எப்படி இருந்தது, யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதெல்லாம் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் சுகிர்தா வந்தாள். ஏழாம் மிதவைக்காரி. ஒப்பந்தத்துக்குப் பிறகு அகதி முகாமில் இருந்தவள், அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு பகல் பயணம் செய்து வந்திருந்தாள். பல கரைகளின் ஆட்கள் கலந்த மிதவை ஊர்களில் பாடப்புத்தகம் போன்ற ஒரு பொதுத் தமிழ் உருவாகியிருந்தது. அவள் அதைத்தான் பேசினாள். வரவேற்பறையில் ரோமால்ட், ஷீபா, தளவாய், இன்னும் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். எமல்டா அடுப்படிக் கதவோரம் நின்றாள்.

சுகிர்தா கொடுத்த நாற்காலியில் உட்காராமல் நேரே ரோமால்டிடம் போய் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என் கணவரும் மகனும் அந்த வரிசையில் நின்றார்கள். மகன் முன்னால் நின்றான். எங்களை ஒருவர்கூட மனிதராக நினைக்கவில்லை என்றுதான் இவ்வளவு நாள் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை என்று தெரிந்ததும் வந்தேன். ஒருவர் இருந்திருக்கிறீர்கள். அது எனக்குப் போதும்."

ரோமால்ட் அழுதான். "என்னால தடுக்க முடியலையேம்மா" என்றான். தளவாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுகிர்தா அவன் கைகளை விடாமலே கதவுப் பக்கம் திரும்பினாள். "நீங்கள்தான் ஏவுநரா?"

"ஆமா."

"எட்டுப் பேர் சரி என்றதும் அழுத்திவிட்டீர்கள்."

எமல்டா அண்ணனைப் பார்க்கவில்லை. சுகிர்தாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் கருத்து வெடித்த கைகள். அவை ரோமால்டின் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஒம்பது பேரு" என்றாள் எமல்டா.

"என்ன?"

"ஒம்பது பேரும் சரின்னாங்க. வேண்டாம்னு யாருமே சொல்லல. ஆணையத்துல நான் சொன்னது பொய்."

"ஏட்டி, என்ன பேசுத நீ?" என்றாள் ஷீபா. தளவாய் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

சுகிர்தா தன் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபமாகத் தெரியவில்லை. வழி தவறி வேறு வீட்டுக்கு வந்துவிட்டவளைப் போல அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் நீங்கள். ஒரு நல்ல மனிதரைப் பார்த்தேன் என்று நான் போயிருப்பேன்."

"போயிருப்பீங்க."

"பிறகு ஏன் சொன்னீர்கள்?"

"நீங்க அவுக கையப் பிடிச்சிக்கிட்டு நின்னீங்க" என்றாள் எமல்டா.

சுகிர்தா அவளை வெகுநேரம் பார்த்தாள். மன்னிக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை. தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் பின்னாலேயே தளவாயும் மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். ஷீபா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணனும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். ரோமால்ட் அதே இடத்தில் நின்றான். கத்துவான் என்று எமல்டா எதிர்பார்த்தாள். வீட்டை விட்டுப் போகச் சொல்வான் என்று எதிர்பார்த்து, மனதுக்குள் துணிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அது எங்கொரல்தானா?"

"ஆமாண்ணே."

"நல்லாத் தெரியுமா? வேற யாரும் இல்லையே?"

"உங்க கொரல்தான்."

அவன் தலையைக் கவிழ்த்து, தரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். எவ்வளவு தேடியும் அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வெயில், பக்கத்தில் நின்றவர்கள், வேண்டாம் என்று சொன்ன வாய், எல்லாம் போயிருந்தன.

"நான் என்ன சொன்னேன் பிள்ள? சரின்னு மட்டும் சொன்னேனா? வேற ஏதாச்சும் கேட்டேனா? யாரு, என்னன்னு?"

எமல்டா அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"'சரி, சரி, சீக்கிரம் போடு. ஐஸ் உருகுது'ன்னீய. அவ்வளவுதான்."

ரோமால்ட் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, "இன்னொருக்கா சொல்லு" என்றான்.

அவள் இன்னொரு முறை சொன்னாள்.